பகல் முழுக்க நிற்கும் ரயில்

கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளும் ஒரு கிளைப் பாதையில் போய்வந்தேன். 42 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை, நாளுக்கு ஒரே வண்டி. காலை 6.45க்குக் கடைசி ஸ்டேஷனில் கிளம்பி 8 மணிக்கு ஜங்ஷனில் இறக்கிவிடும். மாலை 6 மணிக்கு அதே வண்டி எங்களைத் திருப்பிக் கூட்டிவரும். இடைப்பட்ட பத்து மணி நேரமும் அந்த ரேக், அதாவது அந்தப் பெட்டித் தொடர், யார்டில் ஓர் ஓரமாக நிற்கும். வகுப்பு மதியமே முடிந்துவிடும் நாள்களில் நடைமேம்பாலத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போக வேண்டியவன் நான் மேலே நிற்கிறேன். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வண்டி கீழே நிற்கிறது. போக வேண்டிய பாதை அதற்கு முன்னால் காலியாகக் கிடக்கிறது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அங்கே பணியில் இருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"ஏன் சார், மத்தியானம் ஒரு தடவை இதை ஓட்டினா என்ன?"

"ஓட்டலாம் தம்பி. ஆள் வரணுமே? காலையில போற வண்டியிலயே பாதி சீட்டு காலி."

அவர் என்னைத் தட்டிக்கழிக்கச் சொன்ன பதில் இல்லை அது. மனதார நம்பித்தான் சொன்னார். அன்று எனக்கு மறுபேச்சு வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆள் ஏன் வரவில்லை?

எங்கள் பெட்டியில் தினமும் ஓர் அக்கா வருவார். ஜங்ஷன் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒருநாள் பகல் 12 மணிக்கு மகன் படிக்கும் பள்ளியிலிருந்து தகவல் வந்தது: பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள். ரயில் மாலைதான். இரண்டு பஸ் மாறி அவர் போய்ச் சேர மணி மூன்றரை. அடுத்த மாதம் அவர் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை. ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ரயில்வே கணக்கில் இது எப்படிப் பதிவாகும்? காலை வண்டியில் ஒரு பயணி குறைந்தார் என்றுதான். அவரை இழந்தது காலை வண்டி இல்லை, ஓடாத மதிய வண்டி. ஓடாத வண்டிக்குக் கணக்கேடு கிடையாது.

குறைந்த சேவைப் பாதைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மதியம் எட்டுப் பேரோடு போகும் வண்டியைப் பார்த்து வீண் செலவு என்கிறோம். அந்த வண்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் காலையில் அறுபது பேர் ஏறுகிறார்கள். இரவு ஒன்பதரைக்குக் கிளம்பும் கடைசி வண்டியும் அப்படியே. அதில் ஏறுபவர்கள் சிலர். அது உண்டு என்பதால் மாலை வண்டியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று நம்பி வீட்டை விட்டுக் கிளம்புபவர்கள் பலர். ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்து, எடை குறைந்ததை வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது காலை ஒன்று, மாலை ஒன்று. பிறகு அந்த இரண்டிலும் ஆள் குறையும்.

இப்படி எண்ணிப் பார்த்து வெட்டிய கதைகளில் உலகறிந்தது பிரிட்டனுடையது. 1963 மார்ச்சில் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் தந்த அறிக்கை 2,363 நிலையங்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடச் சொன்னது. மொத்தப் பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் போகும் மொத்தத் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் சுமக்கிறது என்றது அந்த அறிக்கை. எண் பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் நடந்தது. கோடை விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குப் போகும் கூட்டம் அந்த வாரத்தில் எப்படித் தெரியும்? அதைவிடப் பெரிய பிழை இன்னொன்று. கிளைப் பாதையை மூடினால் மக்கள் பக்கத்துப் பெரிய நிலையம் வரை காரில் வந்து அங்கிருந்து ரயில் ஏறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். காரை எடுத்தவர்கள் நடுவழியில் அதை நிறுத்திவிட்டு ரயில் ஏறவில்லை. போகும் இடம் வரை காரிலேயே போனார்கள். கிளையை வெட்டியதில் பெரிய பாதையும் தன் பயணிகளை இழந்தது.

நம் கண்ணெதிரிலும் இதே பிழை சிறிய அளவில் நடக்கிறது. கிளைப் பாதைச் சிறு நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரை மூடுவார்கள். ஏறுபவர் ஜங்ஷனில் போய் டிக்கெட் எடுப்பார்; அந்த வருமானம் ஜங்ஷன் பெயரில் ஏறும். ஓராண்டு கழித்து அறிக்கை வரும்: இந்த நிலையத்தில் வருமானமே இல்லை. கிளைப் பாதையில் 20 கிலோமீட்டர் வந்து, பிறகு விரைவு ரயிலில் 500 கிலோமீட்டர் போகிறவரின் கட்டணத்தில் கிளைக்கு எவ்வளவு எழுதுவது? 20 கிலோமீட்டருக்கு உரியது மட்டுமா? அந்த 20 இல்லாவிட்டால் அவர் அந்த 500ஐயும் வேறு வழியில் போயிருப்பாரே. எந்தப் பாதையையும் நட்டம் என்று முத்திரை குத்தும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் இன்னொரு வகை வண்டியும் உண்டு. ஒரு பாதையை முறைப்படி மூடுவது நெடிய சட்ட நடைமுறை. அதைத் தவிர்க்க வாரத்துக்கு ஒரே ஒரு ரயிலை ஓட்டிப் பாதை திறந்திருக்கிறது என்று காட்டுவார்கள். ஸ்டாக்போர்ட்டுக்கும் ஸ்டேலிபிரிட்ஜுக்கும் இடையே நெடுங்காலம் அப்படித்தான் ஓடியது. நடுவிலுள்ள டென்டன் நிலையத்தைக் காப்பாற்ற உள்ளூர் மக்கள் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு ரயில் வந்த நிலையத்தில் பூச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுவதற்கு எத்தனை பிடிப்பு வேண்டும்! எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, வண்டியைக் கூட்டுவது எப்படி? இங்கேதான் நான் பல இரவுகள் செலவழித்தேன். கட்டம் போட்ட தாளில் கீழே நேரம், பக்கவாட்டில் தூரம் என்று வைத்து, ஒவ்வொரு வண்டியையும் ஒரு சாய்கோடாக வரைவார்கள். ரயில்வேயில் கால அட்டவணை பிறப்பதே அந்த வரைபடத்தில்தான். என் பாதையை அப்படி வரைந்தபோது தாளில் இரண்டே கோடுகள். மீதி முழுக்க வெள்ளை.

எங்கள் வண்டிக்கு ஒரு நடைக்கு 75 நிமிடம். போக 75, வர 75, இரு முனையிலும் பதினைந்து பதினைந்து நிமிட ஓய்வு. ஆக ஒரு சுற்றுக்கு 180 நிமிடம். அதாவது யார்டில் நிற்கும் அதே ரேக், புதிதாக ஒரு பெட்டிகூட வாங்காமல், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட முடியும். காலை 6.45, 9.45, பகல் 12.45, மாலை 3.45, 6.45. தேவைப்படுவது கூடுதல் டீசலும் ஓட்டுநர், கார்டு ஆகியோருக்கு இன்னொரு ஷிஃப்ட்டும் கொஞ்சம் பராமரிப்பும். தண்டவாளம், பாலம், சிக்னல், கேட், நிலையக் கட்டடம் எல்லாவற்றின் செலவும் ஒரு வண்டி ஓடினாலும் பத்து ஓடினாலும் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தப் பெருஞ்செலவை ஒரே ஒரு வண்டியின் தலையில் ஏற்றினால் அது நட்டமாகத்தானே தெரியும்? எல்லாவற்றிலும் விலை உயர்ந்த சேவை நாளுக்கு ஒரு வண்டி ஓட்டுவதுதான்.

அடுத்தது வேகம். 42 கிலோமீட்டருக்கு 75 நிமிடம் என்றால் சராசரி மணிக்கு 34 கிலோமீட்டர். இதை 50 நிமிடமாக்க அதிவேக ரயில் வேண்டியதில்லை. எங்கே நேரம் கசிகிறது என்று பார்த்தால் போதும்: பழைய பாலம் ஒன்றில் எப்போதோ போட்ட வேகக் கட்டுப்பாடு, கூர்மையான வளைவு, ஒரு நிலையத்தில் காரணமில்லாமல் ஏழு நிமிட நிறுத்தம், ஆளில்லாத லெவல் கிராசிங்கில் ஊர்ந்து போவது.

கேட் எப்படி ஒரு பாதையையே முடக்கும் என்பதற்குத் திருவாரூர் – காரைக்குடி பாதை நல்ல சான்று. அகலப் பாதையாக மாற்றி 2019இல் வண்டி ஓடத் தொடங்கியபோது கேட்களுக்குப் போதிய ஆள் போடவில்லை. ஆகவே கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். வண்டி ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் நிற்கும்; ஒருவர் இறங்கி கேட்டை மூடுவார்; வண்டி கடந்து மறுபடி நிற்கும்; கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புதுத் தண்டவாளம், புது நிலையம், எல்லாம் இருந்தும் சாலையில் போகும் பஸ் ரயிலை முந்தியது. அந்த வண்டியில் கூட்டம் இல்லை என்று யாராவது எண்ணிச் சொன்னால் அது யாரைப் பற்றிய தகவல்? ஊர் மக்களைப் பற்றியதா, கேட்களைப் பற்றியதா?

50 நிமிடம் என்ற எண்ணை நான் சும்மா பிடிக்கவில்லை. போக 50, திரும்ப 50, முனைக்குப் பத்து நிமிடம், மொத்தம் 120. அதே ஒரு ரேக் இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும். இரண்டாவது ரேக் ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வொரு மணிக்கும் இரு முனையிலிருந்தும் ஒரு வண்டி. அவை 25ஆவது நிமிடத்தில் சரியாகப் பாதை நடுவில் சந்திக்கும். ஆகவே 42 கிலோமீட்டரையும் இரட்டைப் பாதையாக்க வேண்டாம். நடு நிலையத்தில் ஒரு லூப், அதாவது எதிரெதிர் வண்டிகள் விலகிக்கொள்ள ஒரு பக்கப் பாதை, போதும். நடை நேரம் 50இலிருந்து 55 ஆனாலே இந்தக் கணக்கு உடைந்துவிடும். முனையில் பத்து நிமிட ஓய்வு ஐந்தாகக் குறையும், ஒரு வண்டி தாமதமானால் நாள் முழுக்கத் தாமதம். கிளைப் பாதையில் ஐந்து நிமிடத்தின் மதிப்பு இது. பெரிய பாதையில் ஐந்து நிமிடம் மிச்சமானால் பயணிக்கு ஐந்து நிமிடம் மிச்சம். இங்கே ஐந்து நிமிடம் மிச்சமானால் ஒரு ரேக் மிச்சம்.

இது தாளில் மட்டும் நடக்கிற வித்தை இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ட்ரூரோவிலிருந்து ஃபால்மத்துக்குப் போகும் சின்னஞ்சிறு ஒற்றைப் பாதை உண்டு. 2009இல் நடுவிலுள்ள பென்ரின் நிலையத்தில் ஒரு லூப் போட்டார்கள். அங்கே இரண்டு நடைமேடையும் மேம்பாலமும் கட்டவில்லை. ஒரே நடைமேடையை நீட்டி, ஒரு பாதியில் ஒரு திசை வண்டியும் மறுபாதியில் எதிர்த்திசை வண்டியும் நிற்கும்படி செய்தார்கள். அரை மணிக்கு ஒரு ரயில் வந்தது. பயணிகளும் பெருகினார்கள். சில நூறு மீட்டர் தண்டவாளம் செய்த வேலை அது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஷோன்புக் ரயில்பாதை, 17 கிலோமீட்டர். ஆளில்லை என்று 1960களில் பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். 1996 டிசம்பரில் மறுபடி தொடங்கினார்கள், ஆனால் பழையபடி காலை ஒன்று மாலை ஒன்று என்று இல்லை; முதல் நாளிலிருந்தே அரை மணிக்கு ஒரு வண்டி. நாளுக்கு 2,500 பேர் வருவார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். விரைவிலேயே அது தாண்டப்பட்டு, பின்னாளில் இரு மடங்குக்கும் மேலானது. கடைசியில் கூட்டம் தாங்காமல் பாதையை மின்மயமாக்கி, ஒரு பகுதியை இரட்டைப் பாதையாக்கி 2019இல் திறந்தார்கள். ஆளில்லை என்று மூடிய அதே பாதை!

இத்தாலியின் வடக்கே மெரானோவிலிருந்து மால்ஸ் வரை 60 கிலோமீட்டர் மலைப் பாதை. 1906இல் திறந்தது, 1990இல் மூடியது. மாகாண அரசு அதைக் கையில் எடுத்து, தண்டவாளத்தையும் பழைய நிலையக் கட்டடங்களையும் சீரமைத்து, 2005இல் புது வண்டிகளோடு ஓட்டியது. ஊர்ப் பஸ்கள் ரயில் வரும் நேரத்துக்கு நிலைய வாசலில் வந்து நிற்கும்படி அட்டவணை போட்டார்கள். நிலையங்களிலேயே வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும்.

ஜப்பானில் டொயாமா நகரத்தின் துறைமுகக் கிளைப் பாதையும் இப்படிச் சாகக் கிடந்ததுதான். 2006இல் அதை டிராம் போன்ற இலகு ரயிலாக மாற்றினார்கள். முன்பு அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒன்றாக இருந்த வண்டி 15 நிமிடத்துக்கு ஒன்றானது, நிறுத்தங்கள் கூடின, படி ஏறாமல் முதியவர்கள் நேராக உள்ளே நடக்கும்படி தரைமட்டப் பெட்டிகள் வந்தன, இரவுக் கடைசி வண்டி தள்ளிப்போடப்பட்டது. வேலை நாள்களில் பயணிகள் ஏறத்தாழ இரு மடங்கானார்கள். இந்த நான்கு இடங்களிலும் பாதையை அப்படியே வைத்துக்கொண்டு விளம்பரப் பலகை மட்டும் மாட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. முதலில் வண்டி வந்தது, பிறகு ஆள் வந்தார்கள்.

வண்டிகளைக் கூட்டிவிட்டு ஜங்ஷனில் கோட்டைவிட்டால் அத்தனையும் வீண். என் கல்லூரிக் காலத்தில் எங்கள் வண்டி 8 மணிக்கு ஜங்ஷனுக்குள் நுழையும்போது 7.56 விரைவு வண்டியின் கடைசிப் பெட்டி எங்களைக் கடந்து போகும். மூன்று ஆண்டுகள், ஏறத்தாழ தினமும். பெட்டியில் யாராவது ஒருவர் "போச்சு" என்பார். அடுத்த வண்டி பத்தரைக்கு. நான்கு நிமிடத்தைச் சரிசெய்ய அந்த மூன்று ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை. பெரிய பாதையின் அட்டவணையை ஓரிடத்திலும் கிளையின் அட்டவணையை வேறிடத்திலும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

சுவிட்சர்லாந்து இதைத் தலைகீழாகச் செய்தது. 1982 மே மாதத்தில் நாடு முழுவதும் மணிக்கு ஒரு ரயில், எல்லா மணியிலும் அதே நிமிடத்தில் என்று தொடங்கினார்கள். 1987இல் பொதுவாக்கெடுப்பில் மக்கள் ஒப்புதல் தந்த ரயில் 2000 திட்டம் 2004 டிசம்பரில் முழு வடிவம் பெற்றது. முக்கிய ஜங்ஷன்களில் எல்லாத் திசை வண்டிகளும் கடிகாரம் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரும். மணி அடித்துச் சற்று நேரத்தில் எல்லாம் கிளம்பும். நடுவில் பயணிகள் மாறிக்கொள்வார்கள். மலையூருக்குப் போகும் அஞ்சல் பஸ் வெளியே காத்திருக்கும். அங்கே முழக்கமே, முடிந்த அளவு வேகமாக இல்லை, தேவையான அளவு வேகமாக என்பதுதான். சூரிக்குக்கும் பெர்னுக்கும் இடையே புதுப் பாதை போட்டது ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து அடுத்த சந்திப்பைப் பிடிப்பதற்காக. அதற்கு மேல் வேகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எல்லா மணியிலும் அதே நிமிடத்தில் வருவதில் இன்னொரு நன்மை, அட்டவணையே வேண்டாம். எங்கள் ஸ்டேஷனில் எந்த மணியானாலும் 17ஆவது நிமிடம் வண்டி என்று குழந்தைகூடச் சொல்லும்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1996 முதல் ஜெர்மனியில் உள்ளூர் ரயில் சேவைக்கான பொறுப்பையும் அதற்கான பணத்தையும் மாநிலங்களிடம் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பாதையில் எத்தனை வண்டி என்பதை மாநிலமே தீர்மானித்து ரயில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும். தொலைவிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு நாற்பது கிலோமீட்டர் கிளை ஒரு தலைவலி. அதே கிளை, மாவட்டத்தின் பள்ளியையும் மருத்துவமனையையும் சந்தையையும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒரு கருவி. பணமும் பொறுப்பும் ஒன்றாகப் போக வேண்டும். பொறுப்பை மட்டும் கீழே தள்ளிவிட்டால் உள்ளாட்சி கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

எல்லாப் பாதையும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஊரை விட்டு ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிலையம், வழியில் ஊரே இல்லாத நிலம், ஜங்ஷனுக்கு எதிர்த்திசையில் மக்கள் போக்குவரத்து என்றிருக்கும் இடத்தில் நல்ல பஸ் ஓட்டுவதே நியாயம். ஆனால் அதைச் சொல்லும் முன் ஒரு நல்ல சேவையைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் ஆறு மாதம் இல்லை. ஸ்கூட்டர் வாங்கிய அக்கா அடுத்த வாரமே அதை விற்றுவிட்டு வரமாட்டார். கல்லூரி தேர்வு செய்வது ஆண்டுக்கு ஒருமுறை, வீடு மாறுவதும் வேலை மாறுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. ரயிலை நம்பி அந்த முடிவுகளை மக்கள் எடுக்க மூன்று ஆண்டாவது ஆகும். சோதனை ஓட்டம் என்று அறிவித்து மூன்று மாதத்துக்கு நீட்டிப்பு, மறுபடி மூன்று மாதம் நீட்டிப்பு என்று இழுக்கும் வண்டியை நம்பி யார் வீடு பார்ப்பார்கள்?

சில மாதங்களுக்கு முன் பழைய பாதையில் ஒருமுறை போனேன். இன்னும் அதே 6.45தான். டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருந்தது. எதிர் இருக்கையில் ஒரு பாட்டி, மடியில் ஒரு துணிப்பை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மருத்துவர் பார்ப்பது பதினோரு மணிக்கு.

"அதுவரைக்கும் எங்கே பாட்டி இருப்பீங்க?"

"ஸ்டேஷன்லதான் உக்காந்திருப்பேன். திரும்ப வர்றதும் சாயங்கால வண்டிதானே."

"மத்தியானம் ஒரு வண்டி விட்டா வருவீங்களா?"

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஒம்பது மணிக்கு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு இருந்தா நான் எதுக்கு சாமி இருட்டுல எந்திரிச்சு வரேன்?"

வண்டி 8.05க்கு ஜங்ஷனில் நின்றது. பாட்டியை நடைமேடைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மேம்பாலம் ஏறினேன். எங்களை இறக்கிவிட்ட ரேக்கை மெல்ல யார்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.